குப்பி மீன் குட்டி போட்டுவிட்டது, இப்போது என்ன செய்வது?

காலையில் தொட்டி விளக்கைப் போடுகிறீர்கள். மேல் ஓரத்துப் பாசிக்குள் ஏதோ துள்ளுகிறது. தூசியா, கொசுப்புழுவா என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தால் இரண்டு கறுப்புக் கண்கள், கண்ணாடி மாதிரி ஒரு வால். பெண் குப்பி ராத்திரியே குட்டி போட்டிருக்கிறது.

குப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்டுடெயில் எல்லாமே முட்டையிடாமல் நேரே குட்டி போடும் மீன்கள். குப்பிக்கு ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு பிரசவம். ஒரு தடவைக்கு இருபது, முப்பது சாதாரணம். பெரிய மீன் நூறுகூடப் போடும். தொட்டியில் ஆண் மீனே இல்லையே என்று கேட்பீர்கள். ஒருமுறை சேர்ந்தாலே போதும், ஆணின் விந்தைப் பல மாதம் உடலில் சேமித்து வைத்துக்கொண்டு பெண் அடுத்தடுத்துக் குட்டி போடும்.

1. முதலில் குட்டிகளைப் பிரித்தெடுங்கள்

தாய்க்குத் தன் குட்டி என்ற நினைப்பெல்லாம் கிடையாது. வாயில் அடங்குவது எதுவானாலும் தீனிதான். டெட்ரா, ஏஞ்சல் மீன்களும் இருக்கும் தொட்டி என்றால் மதியத்துக்குள் பாதி காலி.

வலை வேண்டாம், குட்டி அதில் சிக்கி நசுங்கும். ஒரு டம்ளரைச் சாய்த்து மெல்ல அமிழ்த்தினால் தண்ணீரோடு குட்டியும் உள்ளே வந்துவிடும். அப்படியே பத்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவுக்கோ சின்னத் தொட்டிக்கோ மாற்றுங்கள்.

கடையில் விற்கும் பிரீடிங் பாக்ஸில், அதாவது பிரசவத்துக்கான சின்னப் பெட்டியில், கர்ப்பிணி மீனை நாள் கணக்கில் அடைத்து வைக்காதீர்கள். அந்த நெருக்கடியில் மிரண்டு, வளர்ச்சி முடியாத குட்டிகளைப் போட்டுவிடும். வயிறு பெட்டி மாதிரிச் சதுரமாகி, பின்பக்கக் கரும்புள்ளி விரிந்து, மீன் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றால் பிரசவம் நெருங்கிவிட்டது. அப்போது சில மணி நேரம் வைத்தால் போதும்.

இன்னொரு தொட்டிக்கு இடமில்லையா? பரவாயில்லை. ஜாவா மாஸ் அல்லது வேலம்பாசியை மேல்மட்டத்தில் அடர்த்தியாக மிதக்க விடுங்கள். எல்லாம் பிழைக்காது, ஆனால் ஒவ்வொரு பிரசவத்திலும் சில தப்பிக்கும். உண்மையில் சின்னத் தொட்டிக்காரர்களுக்கு அதுவே நல்லது என்பேன்.

2. தண்ணீரும் ஃபில்டரும்

குட்டித் தொட்டிக்குப் புதுத் தண்ணீர் பிடிக்காதீர்கள். பெரிய தொட்டித் தண்ணீரையே ஊற்றுங்கள். ஃபில்டர் என்றால் ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும். என் முதல் குட்டிகளில் பாதியைத் தின்றது மீன் அல்ல, மோட்டார் ஃபில்டர்தான். ஒரு வாரம் கழித்துக் கழுவத் திறந்தபோதுதான் தெரிந்தது. பெரிய தொட்டியிலேயே வளர்ப்பவர்கள் உறிஞ்சும் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டை மாட்டிவிடுங்கள்.

புது ஸ்பாஞ்சில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா இருக்காது, அம்மோனியா ஏறும். பழைய ஃபில்டர் பஞ்சிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கூடவே போட்டுவிடுங்கள், பாக்டீரியா குடிவந்துவிடும். வெப்பம் 25 முதல் 28 டிகிரி. நம் ஊரில் மார்கழி ராத்திரி தவிர ஹீட்டரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

3. தீனி

பிறந்த சில மணி நேரத்தில் தின்னத் தொடங்கிவிடும். வயிறு சின்னது, எனவே கொஞ்சமாக, நாளைக்கு மூன்று நான்கு தடவை. பெரிய மீனின் தீனியையே விரல்களுக்கிடையில் மாவாகத் தேய்த்துத் தூவலாம்.

வேகவைத்த முட்டை மஞ்சள் கருவைப் பலரும் சொல்வார்கள். நல்ல தீனிதான், ஆனால் கடுகளவு போதும். நான் பட்டாணி அளவு போட்டேன். மறுநாள் காலை தொட்டி நீர் மோர் மாதிரி வெளுத்து, குட்டிகள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. குட்டிகள் பசியில் சாவதைவிட, மிஞ்சிய தீனி அழுகிச் சாவதுதான் அதிகம்.

வேகமாக வளர வேண்டுமென்றால் ஆர்ட்டீமியாதான், உப்புநீரில் வாழும் இறால் மாதிரிப் பொடி உயிர். சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் அதன் முட்டை கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் அயோடின் சேர்க்காத கல் உப்பு 25 கிராம், அரை டீஸ்பூன் முட்டை. பாட்டிலில் ஊற்றி, ஏர் டியூபை அடிவரை விட்டு, விளக்கு வெளிச்சத்தில் வையுங்கள். 24 முதல் 36 மணி நேரத்தில் பொரிந்துவிடும்.

அப்புறம் காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுங்கள். காலி ஓடுகள் மேலே மிதக்கும். உயிருள்ளவை ஆரஞ்சு நிறத்தில் வெளிச்சத்தை நோக்கிக் கூடும். அந்த இடத்தில் டியூபை வைத்து உறிஞ்சி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஓட்டைச் சேர்த்துப் போடாதீர்கள், குட்டிகளுக்குச் செரிக்காது. தின்றதும் ஒவ்வொரு வயிறும் ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரியும். அதைப் பார்க்கவே இந்தப் பாடெல்லாம் படலாம்.

4. தினசரி வேலை

இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஏர் டியூபால் அடியில் கிடக்கும் அழுக்கை உறிஞ்சி, ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். வாளியில் குட்டி போய்விட்டதா என்று பார்த்துவிட்டுக் கொட்டுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விடுங்கள்.

5. எப்போது பெரிய தொட்டிக்கு?

நான்காவது வாரம் முதல், வயிற்றுக்குப் பின்னால் அடிப்பக்கம் இருக்கும் துடுப்பைக் கவனியுங்கள். ஆணுக்கு அது குச்சி மாதிரி நீளும், பெண்ணுக்கு விசிறி மாதிரியே இருக்கும். உடனே தனித்தனியாகப் பிரிக்காவிட்டால் இரண்டு மாதத்தில் இந்தக் குட்டிகளே குட்டி போடும். ஆறு முதல் எட்டு வாரத்தில், தொட்டியில் உள்ள பெரிய மீனின் வாயைவிடப் பெரிதாகிவிட்டால் மாற்றலாம். ஏஞ்சல் இருந்தால் இன்னும் பொறுங்கள்.

மிஞ்சியவற்றை ஏரி, குளத்தில் விட்டுவிட வேண்டாம். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மீன் அது. நம் ஊர்ச் சின்ன மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மீன் கடையில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். என் நாற்பது குட்டிகளுக்குக் கிடைத்தது ஒரு பொட்டலம் தீனி. அது தீர்வதற்குள் அடுத்த பிரசவம் வந்துவிட்டது.