மீன் தொட்டி டெராரியமானது: என் அனுபவம்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு மீன் தொட்டி கசியத் தொடங்கியது. மூலையில் மட்டும் என்றால் பழைய சிலிக்கோனைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாம். இங்கே கண்ணாடியிலேயே கீறல். தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ பாரம், கீறிய கண்ணாடி தாங்காது. சரி, செடி வைப்போம் என்று டெராரியமாக (கண்ணாடிக்குள் செடி வளர்க்கும் தொட்டி) மாற்றினேன்.

அடியில் கூழாங்கல், மேலே கரித்துண்டு, மண், பாசி, பெரணி. மூடி போட்டதும் கண்ணாடி முழுக்க ஆவி. அப்புறம் வெள்ளைப் பூஞ்சணம். மீன் தொட்டியில் கழிவின் அம்மோனியாவை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்; சேரும் நைட்ரேட்டைக் குறைக்க நாம் தண்ணீர் மாற்றுவோம். மூடிய டெராரியத்தில் தண்ணீர் மாற்றுவதில்லை; அதே ஈரம்தான் ஆவியாகி, வழிந்து, மறுபடி மண்ணுக்குப் போகிறது. 1829-இல் லண்டனில் நத்தானியல் வார்ட் என்ற மருத்துவர் மூடிய போத்தலில் பெரணி முளைத்ததைப் பார்த்ததும் இந்த ஏற்பாட்டில்தான்.

தொட்டியைச் சன்னல் வெயிலிலிருந்து நகர்த்தினேன். காலையில் மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். செம்பனை மரத்தடிச் சருகிலிருந்து ஸ்பிரிங்டெயில் பூச்சிகளைப் பிடித்து விட்டேன். அவை பூஞ்சணத்தைத் தின்னும். (வீட்டுக்குள் பூச்சியா என்று அம்மா கேட்டதைச் சொல்ல வேண்டியதில்லை.) கண்ணாடி மெல்லத் தெளிந்தது.

கள்ளிச்செடி வைக்க ஆசைப்படுபவர்கள் மூடியில்லாத தொட்டியாகப் பாருங்கள், இந்த ஈரத்தில் வேர் அழுகிவிடும்.