குரல் பாதிப்போடு வாழும்போது தன்மதிப்பைக் காத்துக்கொள்வது எப்படி?

தொலைபேசியை எடுத்து "வணக்கம்" என்று சொன்னதுமே, மறுமுனையில் இருப்பவர் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார். அக்கறையோடுதான் கேட்கிறார். ஆனால் அதே கேள்வியை ஒரே நாளில் நான்கு பேர் கேட்டுவிட்டால், மாலைக்குள் நாமே நம்மை நோயாளியாக எண்ணத் தொடங்கிவிடுகிறோம். குரல் தடித்துப்போன பெண்ணை "சார்" என்று அழைக்கிறார்கள். குரல் நடுங்குபவரைப் பயந்தவர் என்றும், குரல் இறுகிப்போனவரைக் கோபக்காரர் என்றும் முடிவுகட்டிவிடுகிறார்கள். கோளாறு தொண்டையில் இருந்தாலும், நம்மைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணம் பிறருடைய காதுகளின் வழியாகத்தான் கலைகிறது. எனவே பிறர் கேட்பதையும் நாம் யார் என்பதையும் தனித்தனியாக வைத்துப் பார்க்கப் பழகுவதே இங்கு முதன்மையான வேலை என்று நான் கருதுகிறேன்.

அதற்கு முதலில் பாதிப்பின் பெயர் தெரிய வேண்டும். குரல் கரகரப்பு நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று குரல் நாண்களை நேரடியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சுத் திணறல், விழுங்குவதில் சிரமம், கழுத்தில் கட்டி, எச்சிலில் இரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, புகைபிடிக்கும் பழக்கம் இருந்தாலோ அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். குரல் நாண்களில் முடிச்சு இருக்கலாம்; தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின் நரம்பு பாதிக்கப்பட்டு ஒரு நாண் அசையாமல் போயிருக்கலாம்; தொண்டைத் தசைகள் அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம். ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா என்னும் பாதிப்பில், பேசும்போது மட்டும் குரல் நாண்கள் நம் கட்டுப்பாட்டை மீறி வெட்டி இழுக்கின்றன. இதை நெடுங்காலம் மனக்கோளாறு என்றே சொல்லிவந்தார்கள். இன்று இது நரம்பு மண்டலம் சார்ந்தது என்பது தெளிவாகியிருக்கிறது. "உனக்குத் தைரியம் போதவில்லை" என்று பல ஆண்டுகள் கேட்டுப் பழகிய ஒருவருக்கு, இந்த ஒரு தகவலே பெரும் சுமையை இறக்கிவைக்கும்.

பதிவுசெய்த உங்கள் குரலை வைத்து உங்களையே எடைபோடாதீர்கள். நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் நம் காதுக்கு வருகிறது. பதிவில் அந்த இரண்டாவது வழி இல்லை. அதனால் குரல் நன்றாக இருப்பவர்களுக்கும் தங்கள் பதிவு அந்நியமாகவே ஒலிக்கிறது. சிகிச்சையின் முன்னேற்றத்தை அறியப் பதிவு தேவைப்பட்டால், அதைப் பேச்சு சிகிச்சையாளரோடு சேர்ந்து கேளுங்கள். இரவில் தனியாக அமர்ந்து திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம். குரல் பாதிப்பு வாழ்க்கையை எவ்வளவு தாக்குகிறது என்பதை அளப்பதற்கு வேறு கருவி இருக்கிறது. 1997இல் வெளியான குரல் பாதிப்புக் குறியீடு (Voice Handicap Index) என்னும் வினாப்பட்டியலில் 30 கேள்விகள் உள்ளன. அன்றாடச் செயல்பாடு, உடல், உணர்வு என்ற மூன்று தளங்களில் அவை அமைந்திருக்கின்றன. குரல் எவ்வளவு மோசமாக ஒலிக்கிறது என்பதும், அது வாழ்க்கையை எவ்வளவு தாக்குகிறது என்பதும் பல நேரங்களில் பொருந்துவதில்லை. இலேசான கரகரப்புக்காக ஒருவர் மனம் உடைந்துபோனால், அவர் மிகைப்படுத்துகிறார் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பாடகருக்கும் ஆசிரியருக்கும் குரல் என்பது வேலையும் அடையாளமும் ஒன்றாகக் கலந்தது. அந்த இழப்புக்காக அவர்கள் துக்கப்படட்டும்; அது மாதக்கணக்கில் நீண்டு, தூக்கத்தையும் பசியையும் கெடுத்தால் மனநல ஆலோசகரின் உதவியையும் நாட வேண்டும்.

அடுத்து, ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். "எனக்குக் குரல் நாண் பாதிப்பு இருக்கிறது, குரல் இப்படித்தான் இருக்கும், வலி ஒன்றும் இல்லை" என்பது போன்ற வாக்கியம் போதும். மன்னிப்புக் கேட்கும் தொனியில் தொடங்க வேண்டாம். பேச்சின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டால், கேட்பவர் ஊகிப்பதை விட்டுவிட்டுச் சொல்லப்படும் செய்தியைக் கவனிப்பார்; நமக்கும் மறைக்க வேண்டிய பாரம் குறையும்.

சத்தமில்லாமல் நம்மைச் சுருக்குவது தவிர்ப்புப் பழக்கம்தான். தொலைபேசி அடித்தால் வீட்டில் இருப்பவரிடம் நீட்டிவிடுவது, கூட்டத்தில் கருத்து இருந்தும் தலையசைத்து ஒதுங்குவது, சொல்ல வந்த சொல் வராது என்பதற்காகப் பொருளையே மாற்றிச் சொல்வது ஆகிய எல்லாவற்றையும் ஒரு வாரம் நோட்டில் எழுதிவாருங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் அஞ்ச வேண்டாம். அதில் மிக எளிதான ஒன்றை மட்டும் எடுத்து அடுத்த வாரம் நீங்களே செய்யுங்கள். சூழலையும் உங்களுக்குச் சாதகமாக அமைத்துக்கொள்ளலாம்: இரைச்சல் குறைந்த மூலையில், பேசுபவருக்கு நேரெதிரே அமருங்கள்; வகுப்பிலும் கூட்டத்திலும் சிறிய ஒலிபெருக்கியைப் பயன்படுத்துங்கள். கிசுகிசுப்பது குரலுக்கு ஓய்வு என்று எண்ண வேண்டாம். அதனால் பலருக்குத் தொண்டை மேலும் இறுகுகிறது.

ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியாவுக்கு, இறுகும் தசைகளைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போட்டுக்கொள்பவர்கள் நாட்காட்டியைக் கையில் வைத்திருப்பது நல்லது. ஊசிக்குப் பின் சில நாட்களோ வாரங்களோ குரல் காற்று கலந்து மெலிந்து ஒலிக்கலாம். பிறகு நன்றாக வரும். மூன்று, நான்கு மாதங்களில் பலன் மெல்லக் குறையும். குரலோடு சேர்ந்து தன்னம்பிக்கையும் ஏறி இறங்குவதால், எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று குறித்துவைத்தால் மோசமான வாரத்தை உங்கள் தோல்வியாக எண்ண மாட்டீர்கள்.

வீட்டாரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வாக்கியத்தை முடித்துக்கொடுக்காமல், முடியும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். அன்பால் செய்கிறார்கள் என்பது உண்மையே. ஆனாலும் ஒவ்வொரு முறையும் வாயிலிருந்து சொல் பறிக்கப்படும்போது, நம் பேச்சுக்குக் காத்திருக்கும் தகுதி இல்லை என்றே மனம் புரிந்துகொள்கிறது.

கடைசியாக, உங்கள் பெயரைச் சொல்லப் பழகுங்கள். பெயரை மாற்றிச் சொல்லித் தப்பிக்க வழியில்லாததால், பலருக்கும் அதுதான் தடுமாறும் இடம். மறுமுனையில் "என்ன?" என்று கேட்டால் குரலை உயர்த்த வேண்டாம், மூச்சை இழுத்துவிட்டு, அதே வேகத்தில் இன்னொரு முறை சொல்லுங்கள். அப்போதும் புரியவில்லையென்றால், எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள்.