அடுத்தாள் இல்லாத ஆச்சி

போன தீபாவளிக்கு முந்தைய வாரம், அதிரசப் பாகுக்குப் பதம் பார்க்கக் கூப்பிட்ட பெண்ணிடம், "இதுகூடவா தெரியாது?" என்று எரிந்து விழுந்தேன். அவளுக்குத் தெரியாதுதான். கோட்டையூரில் 14 பெண்களை வைத்துப் பலகாரம் போடுகிறேன். 11 வருடமாகப் பாகுப் பதத்தை யாருக்கும் நான் கற்றுக்கொடுத்ததில்லை.

அந்த எரிச்சலை வெறும் அசதி என்று நினைத்தது என் முதல் தவறு. அசதி இரண்டு நாள் தூங்கினால் போய்விடும். இது போகவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 'பர்ன் அவுட்' என்பதற்கு விளக்கம் சொன்னபோது அதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. வேலை அழுத்தம் தணியாமலே நீடிப்பதால் வரும் நிலை என்றது. உடம்பில் தெம்பு வற்றிப்போவது, செய்கிற வேலை மீதே ஒரு வெறுப்பு வருவது, முன்புபோல் முடியவில்லை என்று தோன்றுவது, இந்த மூன்றும் அதன் அடையாளங்கள். நடுவில் உள்ளதை முதலாளிகள் கண்டுகொள்வதே இல்லை, அதற்குக் 'கண்டிப்பு' என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

ஓய்வு என்று சொல்லிக்கொண்டு இன்னொரு பொறுப்பை ஏற்பது அடுத்த தவறு. கடையை நடத்துகிறவர்தானே என்று கோயில் திருவிழாக் கணக்கும், பங்காளி வீட்டுக் கல்யாணச் சமையல் மேற்பார்வையும் நம் தலையில் வந்து விழும். பிள்ளையார்பட்டிக்குச் சாமி கும்பிடப் போனாலும், சந்நிதிக்கு வெளியே நின்று எண்ணெய் டின் கணக்கு பேசியிருக்கிறேன்.

நேரத்தை எண்ணாமல் விடுவதும் அப்படித்தான். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட ஏறக்குறைய 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொல்லின. ஐப்பசியில் என் மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். நூறைத் தாண்டியது. தூக்கத்தைத் தள்ளச் சாயங்காலம் காபி வேறு. 6 மணிக்குக் குடித்த காபியின் காஃபினில் ஏறக்குறைய பாதி, ராத்திரி 11 மணிக்கும் உடம்பில் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் வேர், அடுத்தாளை, அதாவது நமக்கு அடுத்தபடியாகக் கடையைப் பார்க்கும் ஆளை, உருவாக்காததுதான். எங்கள் ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடைக்கு ஏஜெண்டாகப் போனவர். அந்தக் காலத்தில் கொண்டுவிற்கப் போவது, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போவது, பெரும்பாலும் 3 வருடக் கணக்கு. தவணை முடிந்தால் புது ஏஜெண்டு வந்து கணக்கை வாங்கிக்கொள்வார், பழையவர் ஊருக்கு வந்து வீட்டு முகப்பில் உட்காருவார். கடையில் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் வேலை பழகிக்கொண்டே இருப்பார்கள். ஏஜெண்டின் உடம்பு மேல் உள்ள அக்கறையில் செய்த ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். முதலாளிக்குத் தன் பணத்தின் மேல் அக்கறை. பெண்டாட்டி பிள்ளையை 3 வருடம் பிரிந்து கிடப்பதும் கொடுமைதான். ஆனாலும் ஒரே ஆள்மேல் கடை முழுவதும் தொங்கவில்லை.

சரி, நானும் ஒருத்திக்குப் பதம் சொல்லிக்கொடுத்தேன். பாகைத் தண்ணீரில் விட்டால் கரையாமல், விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும். முதல் தடவை விட்டுவிட்டாள், 3 கிலோ வெல்லம் கல்லாகிவிட்டது. கை பரபரத்தது. கொடுத்த பொறுப்பை இந்த இடத்தில் பிடுங்கிக்கொள்வதுதான் பலரும் செய்வது. நானும் கரண்டியை வாங்கப் போய், பாதியில் திரும்பினேன். மூன்றாவது தடவை அவளுக்கு வந்துவிட்டது. அப்புறம், 2,000 ரூபாய் வரை சரக்கு வாங்க என்னைக் கேட்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். ஒருநாள் எள்ளைக் கூடுதல் விலைக்கு வாங்கிவிட்டாள். கடை மூழ்கவில்லை.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் இந்த வைத்தியமெல்லாம் போதாது. டாக்டரைப் பாருங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

இந்த ஐப்பசியில் மூன்று நாள் தேவகோட்டைக்கு, மகள் வீட்டுக்குப் போகிறேன். கடை போன், பதம் பழகியவளிடம் இருக்கும். எண்ணெய்க்காரருக்கும் சொல்லியாயிற்று. அவர்தான் இன்னும் நம்பவில்லை.