ப்ளே டோ வாங்கி குடுத்தும் விரல்ல பலம் வரலையா? நாம பண்ற தப்புகள் இதுதான்

சட்டை பட்டன் போட, பாட்டில் மூடி திறக்க, கத்தரிக்கோல் பிடிக்க, அப்புறமா பென்சில் பிடிக்க, எல்லாத்துக்கும் விரல்ல பலம் வேணும், அதுக்கு ப்ளே டோ, அதாவது குழந்தைங்க பிசைஞ்சு விளையாடுற மெத்துன்னு இருக்கிற கலர் மாவு, ரொம்ப நல்லதுன்னு எல்லாருக்கும் தெரியும். வாங்கி குடுத்து மாசக்கணக்கா ஆச்சு, ஒண்ணும் மாத்தம் தெரியலையேன்னு கேக்குற அம்மா அப்பா கிட்ட நான் திருப்பி கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். விளையாடுற அந்த அரை மணி நேரமும் மாவு யாரு கையில இருந்துச்சு?

ஏன் கேக்குறேன்னா, முக்கால்வாசி வீட்ல அது பெரியவங்க கையிலதான் இருக்கும். "யானை செஞ்சு குடு"ன்னு குழந்தை நீட்டும், நமக்கும் ஆசையா இருக்கும், தும்பிக்கை காது வாலுன்னு பாத்து பாத்து செஞ்சு வெச்சிடுவோம், குழந்தையும் கை தட்டும். அதுக்கப்புறம் அது உருட்டுற கோணல் உருண்டை அதுக்கே பிடிக்காம போயிடும், திரும்ப நம்ம கிட்டயே குடுத்துடும். உழைச்சது நம்ம விரல். செஞ்சு காட்ட வேணாம்னு சொல்லல, நீங்க தனியா ஒரு துண்டு எடுத்து பக்கத்துல உக்காந்து, குழந்தை இப்ப செய்றத விட ஒரே ஒரு படி மேல மட்டும் செஞ்சு காட்டுங்க. அது தட்டிக்கிட்டு இருந்தா நீங்க உருட்டுங்க, அது உருட்டினா நீங்க கிள்ளுங்க. அதோட மாவை வாங்கி திருத்தவே திருத்தாதீங்க.

அடுத்தது மோல்டு. நட்சத்திரம், பூ, கார்னு ஒரு டப்பா நிறைய கட்டர் வரும், குழந்தை மாவை தட்டையாக்கி கட்டரை உள்ளங்கையால அமுக்கும், எடுக்கும், திரும்ப அமுக்கும். பாக்க அழகா இருக்கும், ஆனா விரல் நுனிக்கு அங்க வேலையே இல்ல. ப்ளே டோங்கிற பேர்லயே 1956ல கடைக்கு வந்தப்போ அது வெள்ளையா ஒரு டப்பா மாவு, அவ்ளோதான். அதுக்கு முன்னாடி அது சுவர் பேப்பர்ல இருக்கிற கரியை துடைக்கிற மாவு, அதை ஒரு நர்சரி டீச்சர் குழந்தைங்க கையில குடுத்து பாத்துதான் விளையாட்டு பொருளாவே ஆச்சு. மாவை பிதுக்கி விதவிதமா வடிவம் எடுக்கிற மெஷின் எல்லாம் 1960லதான் வந்துச்சு. அதனால முதல் பத்து பதினஞ்சு நிமிஷம் வெறும் மாவும் வெறும் கையும் மட்டும் போதும், கட்டர் எல்லாம் அப்புறமா வரட்டும்.

வெறும் கையில என்னதான் பண்றதுன்னா, நிறைய இருக்கு. நீளமா பாம்பு உருட்டலாம், ரெண்டு கையும் ஒண்ணா வேலை செய்யும். அந்த பாம்பு முதுகு முழுக்க கட்டைவிரல், ஆள்காட்டி விரல் ரெண்டாலயும் கிள்ளி கிள்ளி டைனோசர் முதுகு மாதிரி முள்ளு எடுக்கலாம், என்ன கேட்டா இருக்கிறதுலயே சிறந்தது இதுதான், பட்டன் போடும்போது தேவைப்படுற பிடி அப்படியே இதுல இருக்கு. சின்ன துண்டு ஒண்ணு எடுத்து, உள்ளங்கை தொடாம மூணு விரல் நுனியாலயே பட்டாணி சைஸுக்கு உருட்டச் சொல்லலாம். அப்போ மோதிர விரலும் சுண்டு விரலும் சும்மா ஆடிக்கிட்டு இருந்தா, அந்த ரெண்டுக்கும் அடியில ஒரு குட்டி உருண்டையை வெச்சு "இதை கீழ விடாம பிடிச்சுக்கோ"ன்னு சொல்லுங்க. பென்சில் பிடிக்கும்போதும் அந்த ரெண்டு விரல் இப்படித்தான் மடங்கி இருக்கணும். மாவுக்குள்ள பட்டன் ஒளிச்சு வெச்சு தோண்டி எடுக்க சொல்றது, துணி கிளிப்பால கடிச்சு எடுக்கிறது, பாம்பை மழுங்கின கத்தரிக்கோலால துண்டு துண்டா வெட்டுறது எல்லாம் கொஞ்சம் பெரிய பிள்ளைங்களுக்கு. 3 வயசுக்கு கீழன்னா பட்டன் மணி எதுவுமே வேணாம், வாயில போட்டா தொண்டையில சிக்கிக்கும்.

எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கிறது என்னன்னா, ரெண்டு ரெண்டரை வயசுலயே மாவுல எழுத்து செய்ய வைக்கிறாங்க, வளைவு சரியில்லன்னு அழிச்சு திரும்ப செய்ய சொல்றாங்க. மணிக்கட்டுல மொத்தம் 8 குட்டி எலும்பு இருக்கு, பிறக்கும்போது அது எல்லாமே குருத்தெலும்புதான், ஒண்ணு ஒண்ணாத்தான் கெட்டியாகும், கடைசி எலும்பு கெட்டியாக ஆரம்பிக்கவே சாதாரணமா 8லேர்ந்து 12 வயசு ஆயிடும். கையே இன்னும் உருவாகிட்டு இருக்கு, அதுக்குள்ள என்ன அவசரம்? இப்ப அமுக்கி பிசைஞ்சு கிள்ளட்டும், எழுத்து அப்புறம் வரும்.

மாவோட பதத்தை யாருமே கவனிக்கிறதில்ல. சின்ன குழந்தைக்கு காய்ஞ்சு போன கெட்டி மாவை குடுத்தா விரலை விட்டுட்டு தோளை தூக்கி உடம்பால அமுக்கும், கொஞ்ச நேரத்துல "முடியல"ன்னு எழுந்து போயிடும், அதை நாம ஆர்வம் இல்லன்னு நினைச்சுக்கிறோம். ஆரம்பத்துல மெத்துன்னு குடுத்து, பழகப் பழக கெட்டியாக்கணும். உக்காருற விதமும் அப்படித்தான், கால் அந்தரத்துல தொங்கிட்டு மேஜை நெஞ்சு உயரத்துக்கு இருந்தா கைக்கு பலமே வராது. பாதம் தரையிலயோ ஸ்டூல்லயோ படணும், மேஜை முழங்கை உயரம் இருக்கணும், இல்லன்னா நின்னுக்கிட்டே விளையாடட்டும்.

சில குழந்தைங்க தொட்டதுமே கையை உதறும், அழும். அந்த கையை பிடிச்சு மாவுல அழுத்தாதீங்க ப்ளீஸ். ஒரு கவர்ல போட்டு மேல இருந்து அமுக்கட்டும், ஸ்பூனால குத்தட்டும், ஒரு விரலால தொடட்டும், நாள் ஆகட்டும். கலர் எல்லாம் கலந்து பழுப்பாயிடுச்சுன்னு திட்டுறதும் வேணாம், ரெண்டு கலரை ஒண்ணா பிசையறதுக்கு நல்ல பலம் வேணும்.

வீட்ல செய்றவங்க பச்சை மைதாவை அப்படியே தண்ணி விட்டு பிசைஞ்சு குடுக்காதீங்க, பச்சை மாவுல சால்மோனெல்லா, ஈ கோலி மாதிரி கிருமி இருக்கலாம். 2 கப் மைதா, 1 கப் உப்பு, 2 கப் தண்ணி, 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய், 4 டீஸ்பூன் கிரீம் ஆஃப் டார்டார் (கேக் செய்றப்போ போடுற ஒரு புளிப்பு பொடி), எல்லாம் கலந்து சின்ன தீயில உருண்டு வர்ற வரைக்கும் கிளறுங்க. வெந்த மாவாச்சேன்னு திங்க விட்டுடாதீங்க, உப்பு எவ்ளோன்னு பாத்தீங்கல்ல. வீட்ல நாய் இருந்தா அதுக்கு இந்த உப்பு மாவு உயிருக்கே ஆபத்து, எட்டாத எடத்துல வைங்க. கோதுமை ஒத்துக்காத குழந்தைன்னா மைதா மாவும் ஆகாது, கடையில வாங்குற ப்ளே டோலயும் கோதுமை இருக்கு.

விளையாடி முடிச்சதும் நாமளே எல்லாத்தையும் வாரி டப்பால போட்டு மேஜையை துடைச்சிடுறோம், அதுவும் வேணாமே. கையில ஒரு உருண்டையை குடுத்து, சிந்தின துணுக்கு மேல எல்லாம் ஒத்தி ஒத்தி எடுக்க சொல்லுங்க, ஒட்டாத பொடியை விரல் நுனியால பொறுக்கட்டும், டப்பா மூடியையும் அதுவே அமுக்கி மூடட்டும்.