பூனை பிடிக்காதவன் பூனை பிடிக்கும் முறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பூனை பிடிக்காது. அப்படிப்பட்டவனின் மாடிப்படிக்கு அடியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டை வந்து நான்கு குட்டி போட்டது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்த் தரையில் இரண்டு தட்டு தட்டினேன். மறுநாள் தாயும் இல்லை, குட்டிகளும் இல்லை. தொல்லை விட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் இரவு பரணிலிருந்து கீச்சுக் குரல் கேட்டது. திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து, என் பழைய புத்தகப் பெட்டிக்குள் குடிவைத்திருந்தது. வெளியே இருந்ததைத் துடைப்பத்தால் வீட்டுக்குள் தள்ளிவிட்டவன் நான்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடங்களில் ஒன்பது பூனைகளைக் கூண்டில் பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டிருக்கிறேன். பிரியத்தால் செய்ததில்லை. தூக்கம் வேண்டும் என்று செய்தது.

பூனை காரணமில்லாமல் வராது. ஒரு நாள் இரவு டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். என் சுற்றில் கிடைத்தவை: மூடி சரியாகப் பொருந்தாத குப்பைத்தொட்டி, படிக்கட்டுக்கு அடியில் காற்றுப் படாத மூலை, பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வைக்கும் சோற்றுத் தட்டு. குப்பைத்தொட்டிக்கு ஒரு கொக்கி போதுமானதாக இருந்தது. அக்காவிடம் சண்டைக்குப் போகலாம் என்றுதான் கிளம்பினேன். நல்லவேளை, வாயைத் திறப்பதற்குள் அவரே, "நான் வைக்காவிட்டால் மட்டும் போய்விடுமா தம்பி?" என்றார். நியாயம்தான். பசியெடுத்தால் இன்னும் நான்கு வீட்டுத் தொட்டியைக் கிளறும், அவ்வளவுதான். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம்: தினமும் ஒரே நேரத்தில் வைப்பது, அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுவது. இரவில் எலி வருவது நின்றது. அதைவிடப் பெரிய லாபம், எந்தெந்தப் பூனை எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்துபோனது. பிடிக்கும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது.

வருகிற பூனை எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாலை நிமிர்த்திக்கொண்டு, முகத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டு வருவது ஒரு காலத்தில் யார் வீட்டிலோ வளர்ந்திருக்கும். வழி தவறியிருக்கலாம், கைவிடப்பட்டிருக்கலாம். அதற்கு வீடு தேடிக் கொடுக்க முடியும். உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல், நீங்கள் நகர்ந்த பிறகே தட்டுக்கு வருவது மனிதக் கை படாமல் வளர்ந்தது. அதைப் பழக்குகிறேன் என்று வீட்டுக்குள் அடைக்காதீர்கள். இரண்டு பேருக்கும் நரகம்.

கருத்தடை ஏன் என்றால், கணக்கு அப்படி. பெட்டை நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள். ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டி. முந்தைய ஈற்றுக் குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும். கொண்டுபோய் எங்காவது விட்டுவிடலாமே என்று என் மைத்துனர் கேட்டார். பழகிய எல்லையை விட்டுப் பெயர்த்த பூனை பல நேரம் திரும்பி நடக்கத் தொடங்கும், அல்லது புது இடத்தில் அடிபட்டுச் சாகும். இங்கே காலியான மூலைக்கும் அந்தச் சோற்றுக்கும் வேறொரு பூனை வந்து சேரும். அதற்கும் கருத்தடை ஆகியிருக்காது.

இனி கூண்டு. உள்ளே பலகையை மிதித்தால் பின்னால் கதவு விழும் நீளமான கம்பிக்கூண்டுதான் வேண்டும். விலங்குநலக் குழுக்கள் பலவும் இரவல் தருகின்றன. கூண்டு வைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் நாள் வாங்கிவிடுங்கள். கைபழகாத பூனை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூனையைப் பிடித்துவிட்டு மருத்துவரைத் தேடி அலைவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். குட்டி போட்ட பூனை மாதிரி நான்தான் அலைந்தேன்.

ஒரு வாரம் கூண்டின் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்து, வழக்கமான தட்டை அதற்குள் வையுங்கள். முதல் நாள் வாசலில், பிறகு சிறிது சிறிதாக உள்ளே. அடிக்கம்பி பாதத்தில் உறுத்தாதபடி செய்தித்தாளை மடித்துப் போடுங்கள். பிடிப்பதற்கு முந்தைய நாள் சோறு கிடையாது, தண்ணீர் மட்டும். இதற்கு அக்காவின் ஒத்துழைப்பு வேண்டும். மனம் கேட்காமல் ஒரு பிடி வைத்துவிட்டாலும் அன்றைய கூண்டு வீண். பிடிக்கும் நாளில், வாசனை தூக்கலான மீனை மிதிபலகைக்குப் பின்னால், கடைக்கோடியில் வையுங்கள். முன்னால் வைத்தால் கழுத்தை மட்டும் நீட்டித் தின்றுவிட்டுப் போய்விடும். பிறகு கொஞ்ச தூரம் தள்ளிப்போய்க் காவல் இருங்கள். கூண்டைத் தனியே விட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது.

கதவு விழுந்ததும் பூனை வெறிபிடித்தாற்போல் மோதும். அந்த நேரம் கூண்டுக்குள் எதையும் சரிசெய்யப் போகாதீர்கள். ஒரு கனத்த போர்வையை எடுத்து மொத்தமாக மூடுங்கள். இருட்டானதும் ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். முதல் தடவை இதை என் கண்ணால் பார்த்தபோது, உள்ளே செத்துவிட்டதோ என்று பயந்து போர்வையை விலக்கினேன். மறுபடியும் முதலிலிருந்து மோதல்.

எங்கள் கூட்டத்தில் ஒரு கடுவன் இருந்தது. தலை பெரிது, தாடை பருத்தது, ஊர்ச் சண்டையெல்லாம் முகத்தில் எழுதியிருக்கும். அது முதல் நாளே மாட்டியது. கருத்தடை முடிந்து வந்த அடுத்த வாரமும் மாட்டியது. அதற்கடுத்த முறையும் அதுவேதான். மீனைத் தின்று முடித்துவிட்டு, கதவைத் திறக்கிறாயா என்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையில் பிடிக்க வேண்டிய சாம்பல் பெட்டையோ கூண்டை மூன்று சுற்று சுற்றிவிட்டுப் போய்விடும். இதற்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. கதவுக்கு முட்டாகத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை நிறுத்தி, அதன் கழுத்தில் நீளமான கயிற்றைக் கட்டிக் கையில் வைத்துக்கொள்வது. நான் சமையலறை ஜன்னலில் நாற்பது நிமிடம் கயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். கடுவன் வந்தது, தின்றது, போனது. பெட்டை வந்தது. முன்னங்கால் இரண்டும் உள்ளே, பிறகு இடுப்பு. வால்நுனி வாசலைத் தாண்டும்வரை பொறுத்து ஒரே இழுப்பு. அவசரப்பட்டால் கதவு வாலில் விழும்.

பெட்டையைப் பிடித்தால் அடிவயிற்றைக் கவனிக்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். மடிக்காம்பைச் சுற்றி மயிர் தேய்ந்து, காம்பு நீண்டிருந்தால் எங்கோ குட்டிகள் பால் குடிக்கின்றன என்று அர்த்தம். உடனே தேட வேண்டும், அல்லது அறுவையை விரைவாக முடித்துத் தாயைத் திரும்ப விட வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியை நேராகக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். கருத்தடை ஆனதற்கு உலகம் முழுவதும் புரிந்துகொள்ளப்படும் அடையாளம் அது. இனி அதை மறுபடி மயக்கி வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள். எங்கள் கடுவனுக்கு அதனால் மூளி என்று பெயர் விழுந்தது. கடுவனை ஓர் இரவு, பெட்டையை ஓரிரண்டு இரவு, மூடிய கூண்டிலேயே உலர்ந்த, கதகதப்பான அறையில் வைத்துக்கொண்டு, தெளிந்த பிறகு பிடித்த இடத்திலேயே திறந்துவிடுங்கள். கடுவனின் உடம்பில் ஹார்மோன் வடிய சில வாரங்கள் ஆகும். மூளி வாசற்கதவில் மூத்திரம் பீய்ச்சுவது ஒரு மாதத்துக்குப் பிறகுதான் நின்றது.

குட்டிகள் தனியாகக் கிடந்தால் உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கும். சுற்றிலும் மெல்லியதாக மாவைத் தூவிவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். பெரிய பாதச்சுவடு இருந்தால் தாய் வந்துபோகிறது. தாய் வரவே இல்லையென்றால் மருத்துவரைக் கேளுங்கள், மாட்டுப்பால் ஊற்றாதீர்கள், வயிறு கலங்கிவிடும். மனிதரோடு பழக்க வேண்டுமென்றால் இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைதான் நல்ல காலம். என் பரணில் இருந்த நான்கில் இரண்டுக்கு வீடு கிடைத்தது, ஒன்று அக்கா வீட்டில். நான்காவதைப் பற்றிக் கேட்காதீர்கள், என் நாற்காலியில் தூங்குகிறது.

பூனை நுழையும் பொந்தை அடைக்கும் முன் ஒரு சோதனை. கசக்கிய காகிதத்தைத் தளர்வாகச் செருகி வையுங்கள். இரண்டு மூன்று நாள் அசையாமல் இருந்தால் உள்ளே யாருமில்லை, கம்பிவலை அடிக்கலாம். தோட்டத்துப் பாத்தியில் அசிங்கம் செய்தால், பூனைக்குத் தோண்டப் பிடித்தது காய்ந்த, இளகிய மண் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மண்ணுக்குச் சற்று அடியில் கம்பிவலையைப் படுக்க வைத்து மூடினேன். நகம் மாட்டியதும் முகம் சுளித்துப் போய்விட்டது.

அந்துருண்டை, பினாயில், வாசனைத் தைலம் எதையும் போடாதீர்கள். பூனையின் ஈரல் அவற்றை முறிக்கத் திணறும். அது வெறும் விரட்டல் இல்லை, விஷம். மூத்திர நாற்றத்துக்கு நொதி கலந்த துப்புரவுத் திரவம்தான் சரி. அம்மோனியா கலந்தது பூனைக்கு இன்னொரு பூனையின் மூத்திரமாகவே மணக்கும். பிளீச் ஊற்றினால் மூத்திரத்தோடு சேர்ந்து நச்சுவாயு கிளம்பும். மலத்தைக் கையுறை போட்டு அன்றன்றே அள்ளிவிடுங்கள். அதில் இருக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

கடித்துவிட்டால், பார்க்க ஊசி குத்தியதுபோல்தான் இருக்கும். பூனைப்பல் மெல்லியது, ஆழமாக இறங்கும், கிருமியை உள்ளே விட்டுவிட்டு மேலே தோல் மூடிக்கொள்ளும். என் சுட்டுவிரல் மாலைக்குள் வாழைப்பூ நிறத்தில் வீங்கியது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். ரேபிஸ் தடுப்பூசியைப் பற்றியும் நீங்களே கேளுங்கள். போர்வைக்குள் கைவிட்டதுதான் என் தவறு. பூனை தன் வேலையைச் செய்தது.

இப்போது தட்டுக்கு நான்கு பூனைகள் வருகின்றன. நிறம், காது, வரும் நேரம் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது. போன வாரம் ஐந்தாவதாக ஒரு கறுப்பு வந்தது, இரண்டு காதும் முழுசாக இருக்கின்றன. கூண்டைக் கழுவி, கதவைக் கட்டித் திறந்து, வேலியோரம் வைத்திருக்கிறேன். அக்காவிடம் வியாழக்கிழமை சோறு வைக்க வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.