டிடி-யால் டிஸ்க்கை வேறு சர்வருக்கு அனுப்பும்போது

டிடி (dd) என்பது டிஸ்க்கை பைட் பைட்டாக நகலெடுக்கும் லினக்ஸ் கட்டளை. ஒரு டிடி படிக்கும், எஸ்எஸ்எச் (இரு கணினிகளுக்கு இடையிலான பாதுகாப்பான இணைப்பு) கடத்தும், மறுமுனையில் இன்னொரு டிடி எழுதும். பழைய சர்வரின் டிஸ்க்கை அப்படியே புதியதில் இறக்க இவற்றை பைப்பால் (ஒரு கட்டளை தருவதை அடுத்ததற்கு ஊட்டும் இணைப்பு) கோத்த ஒரே வரி போதும். போதும் என்பதால்தான் பலர் யோசிக்காமல் என்டர் தட்டுகிறார்கள்.

நான் அதிகம் பார்ப்பது, மவுன்ட் ஆகி (சிஸ்டம் பயன்படுத்தும்படி இணைந்து) ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கையே படிக்கவிடுவது. 1 ஜிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட்தான் போகும். 1 டெராபைட்டுக்கு இரண்டரை மணி நேரம். அதுவரை டேட்டாபேஸ் எழுதிக்கொண்டே இருந்தால் நகலின் தலை 10 மணிக்கும் வால் 12.30 மணிக்கும் உரியதாக இருக்கும். அது மவுன்ட்கூட ஆகலாம். ஏமாந்துவிடாதீர்கள், உள்ளே ஃபைல்கள் உடைந்திருக்கும். அந்த டிஸ்க்கைத் தொடாமல் வேறு சிஸ்டத்தில் எழும் ரெஸ்க்யூ மோடில் பூட் செய்து எடுங்கள். நிறுத்தவே முடியாத சர்வரா? லினக்ஸின் டிஸ்க் மேலாண்மைக் கருவியான எல்விஎம்மில் ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தில் உறைந்த நிலை) எடுத்து அதைப் படியுங்கள்.

டிஸ்க் பெயரை நினைவிலிருந்து அடிக்காதீர்கள். எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) எல்லாம் ரீபூட்டில் இடம் மாறக்கூடியவை. தப்பான டிஸ்க்கைக் காட்டினாலும் டிடி ஒரு வார்த்தை கேட்காமல் அழித்து எழுதும். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) ஓட்டி அளவையும் சீரியல் எண்ணையும் பாருங்கள்.

எங்கிருந்தோ எடுத்து ஒட்டும் கட்டளைகளில் ‘நோஎரர், சிங்க்’ (பிழை வந்தாலும் நிற்காதே, குறைந்த பிளாக்கை நிரப்பு) என்ற ஜோடி அடிக்கடி இருக்கும். வாங்கும் பக்கத்தில் சிங்க் போடவே கூடாது. பைப்பில் தரவு துண்டு துண்டாக வரும். பிளாக் (டிடி ஒரே தடவையில் படிக்கும் அளவு) நிறையாவிட்டால் மீதியை டிடி பூஜ்யங்களால் நிரப்பும். அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் இடம் தள்ளிப்போகும். பழுதான டிஸ்க் என்றால் அதற்கென்றே உள்ள டிடிரெஸ்க்யூதான்.

பிளாக் அளவு சொல்லாவிட்டால் 512 பைட். 4 மெகாபைட் வையுங்கள். இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸுக்குள் (tmux) ஓட்டுங்கள். வேகத்துக்காக எஸ்எஸ்எச்சுக்குப் பதில் நெட்கேட் போடுவதானால், அதில் என்கிரிப்ஷன் கிடையாது. தரவு உங்கள் லானை (உள் நெட்வொர்க்கை) தாண்டக் கூடாது.

பிராம்ப்ட் திரும்பிவிட்டதே என்று பழைய டிஸ்க்கைத் துடைத்துவிடாதீர்கள். பைப்பில் கடைசிக் கட்டளையின் முடிவுதான் வெளியே தெரியும். படிக்கும் டிடி பாதியில் செத்தாலும் வெற்றி என்றே காட்டும். பாஷ் ஷெல்லில் பைப்ஃபெயில் (pipefail) என்ற அமைப்பைப் போட்டால் அது பிடிபடும். பிறகு இரு பக்கமும் எஸ்எச்ஏ256 (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) ஒப்பிடுங்கள். புதிய டிஸ்க் பெரியது என்றால் மூலத்தின் நீளம்வரை மட்டும் கணக்கிடுங்கள். இல்லையென்றால் நல்ல நகலுக்கும் எண் பொருந்தாது.

500 ஜிபி டிஸ்க்கில் 40 ஜிபிதான் நிரம்பியிருக்கிறதா? டிடி-யை விட்டுவிட்டு, ஃபைல்களை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க்கை (rsync) எடுங்கள்.