இடைக்காலக் கூடாரத்தில் சீட்டுக்கட்டு எதற்கு?

ஐரோப்பாவின் இடைக்கால வாழ்க்கையை அப்படியே நடத்திக் காட்டும் குழுக்கள் இங்கிலாந்து, ஜெர்மனி என்று பல நாடுகளில் உண்டு. உடையின் தையலையும் துணியின் சாயத்தையும் துருவித் துருவி விசாரிப்பவர்கள்கூட, மாலையில் விளையாட, பாட, கதை சொல்ல உட்காரும்போது கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான பிழைகள் அங்கேதான் புகுந்துவிடுகின்றன.

அடிப்படைத் தவறு, "இடைக்காலம்" என்று மட்டும் சொல்லித் தேடுவது. அது சுமார் 5-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நீளம். எந்த ஊர், எந்த ஆண்டு என்று முதலில் முடிவு செய்யுங்கள். சீட்டாட்டத்தையே பாருங்கள். ஐரோப்பாவில் அதைப் பற்றிய பேச்சு 1370-களில்தான் எழுகிறது. 1377-ல் ஃபுளோரன்ஸ் நகரம் அதற்கு எதிராக ஆணை போட்டது. 1250-ஐக் காட்டும் கூடாரத்தில் சீட்டுக்கட்டுக்கு வேலையே இல்லை.

காய் சரியாக இருந்து ஆட்டம் தவறிப்போவதும் உண்டு. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831-ல் கிடைத்த 12-ஆம் நூற்றாண்டுச் சதுரங்கக் காய்களின் நகல்களை ஆசையாக வாங்கி வைத்துவிட்டு, இன்றைய விதிப்படி ஆடுகிறார்கள். அந்நாளில் ராணி குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் நகரும். பிஷப்பின் இடத்தில் இருந்த காய் குறுக்காக இரண்டு கட்டம் தாவும். ராணி பலகை முழுக்க ஓடத் தொடங்கியது 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில். விதியை மாற்றி ஒருமுறை ஆடிப் பாருங்கள்: ஆட்டம் மெல்ல ஊர்கிறது, பேச நேரம் கிடைக்கிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

வைக்கிங்குகளின் பலகை ஆட்டமான னெஃபடாஃபல் விஷயம் வேறு. பலகையும் காயும் புதைபொருளாகக் கிடைத்தன. முழு விதி எழுதப்பட்டுக் கிடைக்கவில்லை. இன்று ஆடும் விதிகளுக்கு அடித்தளம், 1732-ல் ஸ்வீடனின் இயற்கையியலாளர் லின்னேயஸ், ஐரோப்பாவின் வடகோடியான லாப்லாந்தில் அங்குள்ள பழங்குடிகளான சாமி மக்களிடம் பார்த்துக் குறித்துக்கொண்ட, அதே வகையைச் சேர்ந்த டப்லூட் ஆட்டம். தாராளமாக ஆடலாம். ஆனால் இது பிற்காலத்தில் மீட்டுக் கட்டிய விதி என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

இசையில் ஏமாறாதவர்கள் குறைவு. 'கிரீன்ஸ்லீவ்ஸ்' என்ற ஆங்கிலப் பாட்டு லண்டனில் அச்சுக்குப் பதிவானது 1580-ல், இடைக்காலம் முடிந்த பிறகு. 'கார்மினா புரானா' என்ற பாடல் தொகுப்பின் வரிகள் சுமார் 1230-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியில் இருப்பவை. எல்லோரும் கேட்ட அந்த முழக்கமான இசையோ ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் அமைத்து 1937-ல் அரங்கேறியது. பாட்டு வரியின் வயதும் மெட்டின் வயதும் வேறுவேறாக இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

கதைகளிலும் இப்படித்தான். இங்கிலாந்தின் வில்வீரக் கொள்ளையன் ராபின் ஹூட்டின் பழைய பாடல்களில் அவன் காதலி மரியன் இல்லை. அவற்றில் வரும் அரசர் எட்வர்ட், இன்று நாம் கேட்கும் கதைகளில் வரும் ரிச்சர்ட் அல்ல. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களுடைய நாட்டுப்புறக் கதைத் தொகுப்போ 1812-ல்தான் வந்தது.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 13-ஆம் நூற்றாண்டின் காஸ்டீல், இன்றைய ஸ்பெயினில் இருந்த அரசு. அரசர் பத்தாம் அல்ஃபோன்சோவின் அவையிலிருந்து விளையாட்டு, பாட்டு, கதை மூன்றுமே கிடைக்கின்றன. சதுரங்கம், பகடை, ஆளுக்குப் பன்னிரண்டு காய் வைத்து ஆடும் அல்கெர்கே எல்லாம் படங்களோடு விளக்கப்பட்ட விளையாட்டு நூல் 1283-ல் செவில்லில் முடிந்தது. மரியன்னையைப் போற்றும் நானூறுக்கும் மேற்பட்ட 'காண்டிகாஸ்' பாடல்கள் இசைக் குறிப்போடு இருக்கின்றன. கதைக்கு, 1251 வாக்கில் அரபியிலிருந்து காஸ்டீலிய மொழிக்கு வந்த 'கலீலா, திம்னா'. பஞ்சதந்திரத்தின் கரடகன், தமனகன் என்ற அதே இரண்டு நரிகள்தான்! பாரசீகம், அரபு வழியாகப் பெயர் மாறி ஸ்பெயின் வரை போயிருக்கின்றன. சிங்கத்துக்கும் எருதுக்கும் நட்பு முறிந்த கதையை 1283-ஐக் காட்டும் செவில் கூடாரத்தில் தயங்காமல் சொல்லலாம்.